சூசை அண்ணை எழுதாமல் விட்ட பின்னிஷ் சொல்

என் பிழைகளைப் பென்சிலால் மட்டுமே திருத்திய சூசை அண்ணைக்கு,

பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் நீங்கள் கோப்பி குடித்த கடையில், உங்கள் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். கடிதம், விண்ணப்பம் என்று முன்பு உங்களிடம் வந்த சனம் இப்போது என்னிடம் வருகிறது. சிரிக்காதேங்கோ.

பதினொரு வருடம் பின்லாந்துக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர் நீங்கள். இங்கே வேலைசெய்த இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டுச் சன்னலைத் துடைக்கும்போதும் பின்னிஷில் முணுமுணுப்பீர்கள். எல்லாம் தூஷணம்தான் என்று ஊரெல்லாம் கதை பரப்பியவன் நான். பாதி உண்மைதானே?

என் தம்பி ரவி பின்லாந்தில் அகதி வழக்குப் போட்டபோது, ஊரிலிருந்து வந்த ஆங்கிலக் கடதாசி ஒன்றை அதிகாரிகள் பின்னிஷில் கேட்டார்கள். அங்கே யாரையும் நம்ப அவனுக்குப் பயம். எனக்கு அனுப்பினான், நான் உங்களிடம் ஓடிவந்தேன். கோப்பி ஆறுவதற்குள் பக்கத்தை முடித்துவிட்டீர்கள். ‘ஆறு கிழமைக்குப் பிறகு டிஸ்சார்ஜ்’ என்றிருந்தது, எங்கேயிருந்து என்று இல்லை; அந்த ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லுக்கு மட்டும் வெற்றிடம்.

“ஆஸ்பத்திரியாலை விட்டது அண்ணை. ஆறு கிழமை நெருப்புக்காய்ச்சல். எழுதுங்கோ,” என்றேன், ஆங்கிலத்தை நானே பெற்று வளர்த்தவன் மாதிரி.

“ஆஸ்பத்திரி விட்டால் ஒரு சொல், கோர்ட் விட்டால் ஒரு சொல், வேலையாலை கலைச்சால் வேறை சொல். நீ பக்கத்திலை நிண்டனியோ?”

“அம்மா காயிதம் போட்டவ!”

“அவனைக் கேட்டனியோ?”

“கிழவனுக்குச் சொல் மறந்துபோச்சு” என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். ரவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: “தம்பி, நீ வெளியிலை வரேக்கை வாசலிலை ஆர் நிண்டது?”

ரவி குரலைத் தணித்துச் சொன்னான்:

“அம்மா. கோர்ட் வாசலிலை, ஒரு சோடி செருப்போடை. என்ரையை உள்ளுக்கை பறிச்சுப்போட்டாங்கள். அண்ணாட்டைச் சொல்லாதேங்கோ, ஏங்குவார்.”

அந்த அண்ணா நான், ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டுதான் நின்றேன். அவன் மறியலில், சிறைக்குள், கிடந்ததை எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார் அம்மா. என் பேச்சைக் கேட்டு எழுதியிருந்தால், அவன் வழக்குக்கு இருந்த ஒரே சாட்சியை நானே அழித்திருப்பேன். நீங்கள் ரிசீவரை என் கையில் தந்துவிட்டு, கடதாசியைச் சுவரில் வைத்து வெற்றிடத்தை நிரப்பினீர்கள். பேனையால்.

கெட்டித்தனம் பலரிடம் இருக்கிறது அண்ணை. தெரியாது என்று ஓர் இடத்தை வெறுமையாக விடும் துணிச்சலை உங்களிடம்தான் பார்த்தேன்.

ரவிக்கு விசா கிடைத்தது உங்களுக்குத் தெரியும். மகள் பிறந்தது தெரியாது. பின்னிஷில்தான் அழுகிறாளாம். தூஷணமாக இருக்காது என்று நம்புகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் கண்ணை மூடி அங்கே போய்ச்சேர்ந்தபோது, வாசலில் யார் நின்றது?

இனி யார் கடதாசி கொண்டுவந்தாலும், எல்லாம் தெரியும் என்று என் வாய் எவ்வளவு துடித்தாலும், முதலில் அவர்களைக் கேட்பேன். பேனை மூடியைப் பிறகுதான் திறப்பேன்.

உங்களைக் கிழவன் என்று திட்டிவிட்டு, இன்று உங்கள் கதிரையிலேயே கிழவனாகிக்கொண்டிருக்கும்
உங்கள் தம்பி