ஹம்பியில் கூடுதலாக ஒரு நாள்

நேற்று மதியம் ஆபீசில் புது வருஷக் காலண்டரை மாட்டினார்கள். நம் கம்பெனி காலண்டர்தான், உனக்குத் தெரியாததா. மாதத்துக்கு ஒரு தாள், கீழே ஒரு ஜோடி ஷூவின் படம், வெள்ளிக்கிழமைகள் எல்லாம் சிவப்பு மையில். புதிதாகச் சேர்ந்திருக்கும் டைப்பிஸ்ட் பெண் மெட்ராஸ்காரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, அச்சடித்தவன் கவனிக்கவில்லை போலிருக்கிறது சார், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குச் சிவப்புப் போட்டுவிட்டான் என்றாள். இங்கே வார லீவு வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லிப் புரியவைத்தேன். சொல்லி முடித்தபின் அங்கே உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்கவேண்டியதை இப்போது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று நீ கேட்பாய்.

ஆம்பூரில் பிறந்ததிலிருந்து நாம் இரண்டு பேரும் அந்தச் சிவப்பு மைக்குப் பழகியவர்கள். உன் அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டினார், என் அப்பா அதே கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்குத்தான், வாணியம்பாடிக்கு ரயிலேறிப் போய்ப் படித்த காலேஜுக்கும் அன்றைக்குத்தான். சர்ச்சுக்குப் போகிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு போவார்கள். பாங்கும் போஸ்டாபீசும் ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும், தெரியும். அதெல்லாம் கவர்மென்ட் சமாச்சாரம். பாய்மார்கள் நடத்துகிற கம்பெனி என்றால் வெள்ளிக்கிழமை மூடும், ஞாயிற்றுக்கிழமை திறக்கும். நமக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

எண்பத்தொன்றில் பரீட்சை முடிந்தது. முதலாளி நம் அப்பாக்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஜூலை ஒன்றாம் தேதி பையன்கள் வந்து சேரட்டும் என்று சொல்லிவிட்டார். நீ கெமிஸ்ட்ரி படித்தவன், உனக்கு டிரம்மில் தோல் பதனிடும் குரோம் செக்‌ஷன். நான் சரித்திரம் படித்து என்னத்தைக் கிழித்தேன், எனக்கு ஆபீஸ். சேர்வதற்கு முன் எங்கேயாவது ஒரு பெரிய பயணம் போய்விட்டு வரவேண்டும் என்று பேச்சு எழுந்தது. எங்கே என்பதில்தான் தகராறு. தினமும் சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் அட்லாஸை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். ஊட்டி என்றேன், குளிரில் உனக்கு இழுப்பு வந்துவிடும் என்று நானே வாபஸ் வாங்கினேன். கன்னியாகுமரி என்றேன். நம்ம ஊர்ல முளைக்கிற சூரியன்தானே அங்கயும் முளைக்குது என்று நீ சிரித்தாய். எனக்கோ உள்ளுக்குள் ஒரே ஊர்தான். பாடப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்கு இருந்த கல்தேர்ப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஹம்பிதான். அதைச் சொன்னபோது, கல்லுத் தேர் எங்கயும் போய்டாது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நீயே வந்தாய். சட்டைப்பைக்குள் ஒரு கடிதம். குவைத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்க ஆள் எடுக்கிறார்கள், பம்பாயில் ஒரு பாய் நடத்தும் ஏஜென்சி. வீட்டுக்குத் தெரியாமல் மனுப் போட்டிருக்கிறாய். ஜூன் பதினைந்தாம் தேதிக்கு முன் ஏதாவது ஒரு வேலை நாளில் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நல்லா இருக்கிற வேலையை விட்டுவிட்டு எதற்கு அங்கே போய்ச் சாகவேண்டும் என்று கேட்டேன்.

"அந்த டிரம்ம தொறந்தா வர்ற ஆவி இருக்கே, ஒரு நாள் உள்ள போய் நின்னு பாத்தேன்டா. ராத்திரி முழுக்க மூச்சு வரல. நைனாகிட்ட சொன்னா, பழகிடும்ன்றாரு. எனக்குப் பழகாதுடா."

உன் அப்பா முதலாளியிடம் வாக்குக் கொடுத்தவர். பம்பாய்க்கு இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்றால் விடமாட்டார். ஊர் சுற்றப் போகிறோம், கூட நானும் வருகிறேன் என்றால் விடுவார். அதற்காகத்தான் என்னிடம் வந்தாய். நான் இல்லாமல் நீ வீட்டை விட்டுக் கிளம்பமுடியாது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துபோயிற்று. புரிந்த கையோடு பேரம் பேசினேன். முதலில் ஹம்பி, அப்புறம் பம்பாய். நீ கெஞ்சினாய். நேராகப் போய்விட்டுத் திரும்பும்போது பார்க்கலாம் என்றாய். நான் மசியவில்லை. கடைசியில் விரல் விட்டு எண்ணினோம். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை. பன்னிரண்டு வெள்ளி, பாய் ஆபீஸ் லீவு. சனிக்கிழமை போய்ச் சேர்வதுபோல் கிளம்பலாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தானே, ஹம்பியில் கூடுதலாக ஒரு நாள் கிடைக்குமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினாய். இரண்டு பட்டதாரிகள் சேர்ந்து போட்ட கணக்கு அது.

புதன்கிழமை சாயங்காலம் ஹம்பிக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஹோஸ்பேட்டில் இறங்கினோம். வியாழக்கிழமை காலையிலேயே உனக்கு அவஸ்தைதான். சான்றிதழ் ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாக என் பின்னால் வந்தாய். ரூமில் வைத்துவிட்டு வா என்றால் கேட்கவில்லை. பாறைகள் மேல் ஏறும்போது மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் எத்தனை மணிக்கு ரயில், எங்கே மாறவேண்டும் என்று அதையே கேட்டாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்நூறு வருஷத்துக் கடைத்தெரு கண் முன்னால் கிடக்கிறது, இவன் குண்டக்கல் ரயிலைப் பற்றிப் பேசுகிறானே என்று மனசுக்குள் திட்டினேன்.

இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது.

அன்றைக்கு மதியம் பஸ் நிற்கும் இடத்தில் டீ குடித்தோம். நீ முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாய். பக்கத்து பெஞ்சில் ஒருவர் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாம் பேசியதைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. தம்பி எந்த ஊர் என்று தமிழில் கேட்டார். குடியாத்தத்து லுங்கி வியாபாரி. அந்தப் பக்கமெல்லாம் சரக்குப் போடுகிறவர், மாதம் ஒரு தடவை பம்பாய் போய்வருகிறவர். நம் ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கப்போவது உட்பட. அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழமையா? பம்பாய்ல அன்னைக்கு ஒரு ஆபீஸு தொறக்க மாட்டான் தம்பி. பாய் ஆபீஸா இருந்தாலும் அதே கதைதான். நம்ம ஊரு பழக்கம் அங்க கெடையாது. இன்னைக்கே கெளம்பிடுங்க, சனிக்கெழம காலைல ஆபீஸுக்குப் போய்டலாம்."

அவருடைய பஸ் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார். நீ ஈர முகத்தோடு படியேறி வந்தாய். யார்டா அது என்று கேட்டாய். குடியாத்தத்துக்காரர், சும்மா பேசிக்கொண்டிருந்தார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த எட்டு வருஷமாக விதவிதமாகக் காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். லுங்கி விற்கிறவருக்கு அரபு நாட்டு ஏஜென்சியைப் பற்றி என்ன தெரியும் என்று அந்த நேரம் நினைத்தது நிஜம். கல்தேர் இருக்கும் கோயிலை வெள்ளிக்கிழமைக்கு என்று தள்ளிவைத்திருந்தேன், அதைப் பார்க்காமல் கிளம்ப மனசு வரவில்லை என்பதும் நிஜம். ஆனால் அடியில் கிடந்தது வேறு. நீ குவைத் போய்விட்டால் நான் மட்டும் அந்த ஆபீசில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருக்கவேண்டும். சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் யாரோடு சண்டை போடுவேன்? நீ போகக்கூடாது என்று நான் நினைத்தேன். வேண்டுமென்றே கெடுக்கவேண்டும் என்று திட்டம் போடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கல்தேரைப் பார்த்தோம். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணில் எதுவும் பதியவில்லை. இப்போது கிளம்பினால்கூடச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பிடித்துவிடலாமா என்று உள்ளே மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து தடவையாவது சொல்ல வாயெடுத்தேன். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் முழுங்கினேன். நீயோ அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். தேர்ச்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, சூப்பரா செஞ்சிருக்கானுங்கடா, நீ அடம் புடிச்சது நல்லதாப் போச்சு என்றாய்.

சனிக்கிழமை ரயிலில் நீ தூங்கவே இல்லை. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று என்னைக் கேள்வி கேட்கச் சொன்னாய். உப்புத் தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஏதோ கேட்டேன். நீ சட்டுசட்டென்று பதில் சொன்னாய். அந்த லுங்கி வியாபாரி சொன்னது பொய்யாக இருக்கவேண்டும், அந்த ஆபீஸ் திறந்திருக்கவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் மழை கொட்டியது. முழங்கால் தண்ணீரில் நடந்து அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். மாடிப்படி ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, படியில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. கதவில் பூட்டு. கீழே வந்து வாட்ச்மேனிடம் நீ நம் ஊர் உருதுவில் கேட்டாய். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். நீ திரும்ப மேலே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாய். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். இழுப்பு வந்துவிட்டது. உன் முதுகைத் தடவிவிட்டது நான்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கே போய் நின்றோம். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷன். சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் பட்டியல் போய்விட்டது, கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இரண்டு பேர் குறைவாகத்தான் அனுப்பினோம், சனிக்கிழமையே வந்திருந்தால் உன்னைக் கட்டாயம் எடுத்திருப்போம் என்றார். அடுத்த தடவை கூப்பிடுவதாக விலாசம் எழுதி வாங்கிக்கொண்டார். கூப்பிடவே இல்லை.

ஜூலை ஒன்றாம் தேதி இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தோம். பழகிடும் என்று உன் அப்பா சொன்னது நடக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் இழுப்பு ஜாஸ்தியாயிற்று. செக்‌ஷன் மாற்றிக் கேள் என்றேன், எனக்குத் தெரிந்த வேலை இதுதானே என்றாய். கல்யாணமாயிற்று, பெண் பிறந்தாள், நடுவில் எத்தனை தடவை வேலூர் ஆஸ்பத்திரி. நீ கண்ணை மூடியபோதும் டாக்டர்கள் இதனால்தான் என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. குவைத் போயிருந்தால் பிழைத்திருப்பாய் என்று நானும் சத்தியம் பண்ணமுடியாது. ஆனால் போகவேண்டும் என்று கேட்டது நீ. போகவிடாமல் செய்தது நான்.

இத்தனை எழுதியும் ஒன்றை மட்டும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்தோமே, பிளாட்பாரத்தில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினாய்.

"யாரையாவது ஒரு வார்த்தை கேட்ருக்கணும், எனக்கு அந்த அறிவு இல்ல. என் பேஜார்ல உன் டூரும் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கடா."

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பாய், அந்த பிளாட்பாரத்திலேயே என்னை விட்டுவிட்டுப் போயிருப்பாய், ஆனாலும் தப்பு உன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டு போயிருப்பாய். நான் உன் தோளில் கை போட்டு, பரவால்ல விடு என்றேன். உனக்கு அதில் ஆறுதல் கிடைத்தது, முகத்தில் தெரிந்தது. என்னை நினைத்து நான் அழுததில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் மன்னித்த அந்த முகம் மட்டும் என்னை விடவே இல்லை.