ஓடாத சைக்கிளில் கொடும்பாளூர்வரை

புதுக்கோட்டை,
ஈஸ்வர வருஷம், கார்த்திகை 12

செவந்திக்கு உன் அத்தை சொர்ணவல்லி எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதுவதற்கில்லை. ஆகையால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. உன் புருஷன் நல்லதம்பியைப் பெற்ற தாயான நானே சைக்கிளோடு சேர்த்துக் கட்டிப்போட்டு, வாரால் அடித்து மிதிக்க வைக்கிறேன் என்று எங்கள் தெருவில் பேச்சு. இலுப்பூர்ச் சந்தைவரை அது போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இலுப்பூருக்கு வந்தது நீ இருக்கும் கொடும்பாளூருக்கு வராமல் இராது. நான் கட்டியிருந்தது அவனை அல்ல. அவனுடைய வலது பாதத்தை மட்டும் பழைய வேட்டிக் கரையால் பெடலோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். முழங்கால் மடங்காத கால் பெடலில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். கையில் வார் இருந்தது உண்மை. அது எதற்கென்று பின்னால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராக்காயி ஜன்னல் வழியாகப் பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தானே சேர்த்துக்கொண்டாள். கூப்பிட்டுக் கேட்டேன். "நான் என்னத்தக் கண்டேன், ஆத்தா ஆத்தான்னு அலறல் கேட்டுச்சு, ஒங்க கையில வாரு இருந்துச்சு, கண்டதச் சொன்னேன்" என்றாள். அலறலும் உண்மைதான். இறுகிப்போன முழங்கால் மடங்கும்போது ஆண்பிள்ளையும் அலறத்தான் செய்வான்.

இன்னொரு பேச்சு உங்கள் பக்கத்தில் இருக்கிறது. பெண் குழந்தை என்பதால்தான் எங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். இது முதலாவதைவிடக் கேவலமான பொய். பெண் பிறந்திருக்கிறது என்று கார்டு வந்த அன்றே நல்லதம்பி சர்வே கச்சேரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பஸ்ஸில் போ என்றேன். "பஸ்ஸு வார வரைக்கும் எவன் காத்துக்கிட்டு நிக்கிறது ஆத்தா, அதுக்குள்ள நான் புள்ளையத் தூக்கிருவேன்" என்று சைக்கிளை எடுத்தான். அன்னவாசலைத் தாண்டி ஒரு சிறு பாலம் இருக்கிறது. அங்கே அந்தி இருட்டில் விளக்கில்லாமல் வந்த மாட்டு வண்டியில் மோதிப் பாலத்துக்குக் கீழே விழுந்தான். தொடை எலும்பு முறிந்தது, முழங்காலும் கெட்டது. அவன் உங்கள் இருவரிடமும் வந்துகொண்டிருந்தவன். உன் அண்ணன் ஐயனார் இதை உன்னிடம் சொன்னானோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

ஐயனார் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரே தடவை. கட்டிலருகில் நின்று, "என்ன மாப்பிள்ள, இப்படிக் கெடக்கீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதுவரை சரி. தாழ்வாரத்துக்கு வந்ததும், "கால் வந்துருமா அத்தை? வெளிப்படையாச் சொல்லிப்புடுங்க. வராதுன்னா எங்க புள்ள கதி என்னாகுறது?" என்றான். சந்தையில் மாட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல் என் மகனைப் பற்றிக் கேட்காதே என்றேன். அன்று போனவன்தான். நான் சொன்னதில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இனி அவன் காலைப் பற்றி. புரட்டாசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மட்டும் மரக்கட்டையாகிவிட்டது. சைக்கிள் மிதித்தால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும் என்றார் டாக்டர். சைக்கிள் கடை இருளாண்டி அவனுடைய சைக்கிளைச் சரிபண்ணி, தினமும் காலையில் மைதானத்தில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். நல்ல பையன். கால் சற்று இளகி வருகையில் ஐப்பசி பிறந்தது. நீ அங்கே பார்க்கிற அதே மழைதான். மைதானம் முழுக்கச் சேறு. ஒரு நாள் சறுக்கிவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் பிறகு என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிதிப்பதை நிறுத்தினாலோ கால் திரும்ப இறுகிவிடும், அப்படி இறுகினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். தை பிறப்பதற்குள் கச்சேரிக்கு நடந்து வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

ஆகவே சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தினோம். இருளாண்டி ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு கட்டைகளைக் கொடுத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். சக்கரம் சும்மா சுற்றினால் காலுக்குப் பாரம் தெரியாது என்று டயரில் உரசும்படி ஒரு தோல் வாரை மாட்டினான். அந்த வாரின் நுனிதான் என் கையில் இருந்தது.

செவந்தி, வலியை அவன் தாங்கிக்கொண்டான். சலிப்பைத்தான் தாங்கவில்லை. வெளியே மழை, உள்ளே சக்கரத்தின் சத்தம், கண்ணுக்கு நேரே சுவர். காலையிலும் மாலையிலும் அதே சுவர். "செக்குமாடாவது சுத்தி வருது ஆத்தா. நான் இந்த ஓதம் புடிச்ச செவத்தப் பாத்துக்கிட்டே எங்க போறேன்?" என்று கேட்பான். சைக்கிளை ஜன்னல் பக்கம் திருப்பினோம். தெருப் பிள்ளைகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்து நின்றன. "அண்ணே, மருதை வந்துருச்சா?" என்று கேட்டன. முதல் நாள், "மேலூர்ல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன்டா" என்று அவனும் சிரித்தான். பிறகு ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டான்.

நான் பத்திரிகை வாசித்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னான். கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒன், டூ என்று எண்ணினேன். "பள்ளிக்கூடத்துல பட்டது போதாதா" என்றான். தெருக்கோடித் தங்கமுத்து வீட்டிலிருந்து கிராமபோனை இரவல் வாங்கினேன், அவர்களிடம் இருப்பது ஒரே பிளேட்டு. சில நாளில், அந்தப் பாட்டுக்காரி நேரில் வந்தால் பெடலால் அடிப்பேன் என்றான். இனிப் பல நாள் அவன் வாயில் வேடிக்கைப் பேச்சு வரப்போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. அதன்பின் பேச்சும் குறைந்தது. மிதித்துக்கொண்டிருக்கும்போதே தலையை ஹாண்டில்பாரில் வைத்துவிடுவான். சக்கரம் தானாக நிற்கும். "ஏன் நிறுத்தினாய்?" என்றால், "ஓடுனா மட்டும்?" என்பான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ரோடு ஞாபகம் வந்தது. உன் மாமனார் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். கல்யாணமான புதிதில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோடு பார்க்கப் போவார். சமஸ்தானத்து ரோடுகளில் பாலம் எது, மேடு எது, புளியமரம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் எனக்குப் பாடம். ஒரு நாள் காலையில், "புறப்படு, திருமயத்துக்குப் போகிறோம்" என்றேன். புரியாமல் பார்த்தான். ஊர் எல்லையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஏற்றம் வருமிடத்தில் வாரை இழுத்துப் பிடிப்பேன், இறக்கத்தில் விட்டுவிடுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். எங்கே நிறுத்துகிறானோ அங்கிருந்துதான் மறுநாள் புறப்பாடு. கோட்டை தெரிகிறது என்று நான் சொன்ன அன்று அவன் முகத்தில் வேர்வை. எத்தனை நாளுக்குப் பிறகு!

இருப்பதை மட்டுமே சொல்வேன். ஓரிடத்தில், "இங்கிட்டு ஒரு காப்பிக்கடை போடுங்க ஆத்தா, நா வறளுது" என்றான். அங்கே காப்பிக்கடை கிடையாது என்றேன். "செவத்துக்கு முன்னாடி ஓடுற ரோட்டுல கூடவா?" என்றான். அங்கேயும் கிடையாது என்றேன். சிரித்தான். என் கணக்கு கண்டிப்பானது என்பதாலேயே அவனுக்கு அது ரோடாக இருந்தது என்று நான் நம்புகிறேன்.

திருமயம் போய்த் திரும்பிய மறுநாள், "இன்னைக்கு மேக்கே போவோம்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. சித்தன்னவாசல் மலையைக் கடந்தோம், அன்னவாசலைக் கடந்தோம். அந்தப் பாலத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமென்று இருந்தேன். அவனே, "பாலம் வந்துருச்சா?" என்றான். வந்துவிட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். கால் முழு வட்டம் சுற்றியது அன்றுதான். டாக்டரிடம் சொன்னபோது, இப்படியே போனால் தை பிறப்பதற்குள் நடந்துவிடுவான் என்றார். நான் கோவிலுக்கு நெய் அனுப்பினேன்.

இலுப்பூர் தாண்டி மேற்கே போய் மூவர் கோவிலைச் சொன்னேன். இரண்டு கோவில் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. கல்யாணம் எங்கள் வீட்டில் நடந்தது. உங்கள் ஊருக்குள் நான் வந்ததில்லை. இனி நீயே போ என்றேன். ஊருணிக் கரை, உன் சித்தப்பா வீட்டு வைக்கோற்போர் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனான். மூச்சு வாங்கியது. பிறகு மிதிப்பதை நிறுத்தினான்.

"வாசலுக்கு வந்துட்டேன் ஆத்தா. யாரு நிக்கிறா, சொல்லுங்க" என்றான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"சும்மா சொல்லுங்க" என்றான்.

தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றேன்.  அவன் குனிந்து பாதத்தின் கட்டைத் தானே அவிழ்த்தான்.

அதற்குப் பிறகு ஏறவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். ராக்காயிக்குக்கூட இரக்கம் வந்துவிட்டது. "பொண்டாட்டி புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு சொன்னா ஒங்க வாய் வெந்தா போயிரும்?" என்று என்னைக் கேட்கிறாள். வெந்துபோகாது. ஆனால் நான் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். நான் சொன்ன பாலமும் மேடும் மலையும் எல்லாம் அந்த நிமிஷத்தில் பொய்யாகிப் போயிருக்கும். பிறகு எதை வைத்து அவனை மிதிக்கச் சொல்வேன்?

நேற்று அவன் காலைப் பிடித்துப் பார்த்தேன். மடங்கியதில் பாதிகூட இப்போது மடங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் யாருக்காவது கொடுத்துவிடு என்று இருளாண்டியிடம் அவனே சொல்லியிருக்கிறான். இருளாண்டி வாசலில் வந்து நின்று, "அண்ணன் சொல்றாரும்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றான். செவந்தியிடமிருந்து கடிதம் வரும்வரை பொறு என்று சொல்லி அனுப்பினேன். அப்போது இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவில்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக ஆள் வரவில்லை என்று நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். செய்தி தெரிந்தும் வரவில்லையே என்று நாங்கள் இங்கே இருக்கிறோம். அழைக்க வர வேண்டியது சுமங்கலிகள். இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. பச்சைக் குழந்தை முதன்முதல் படியிறங்கும்போது எதிரில் நான் நிற்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். கான்வென்டில் படித்தவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று நீ ஒரு தடவை கேட்டாய். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவர் வாசலில் போய் நின்று, தள்ளி நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளும் வயது எனக்குக் கடந்துவிட்டது. உங்கள் வீட்டார் என்னை நிற்க விடுவார்கள் என்று நீ எழுதினால் நாளைக்கே வண்டி பிடிக்கிறேன்.

நீ வா என்று நான் எழுதவில்லை. முடமாகிவிடக்கூடியவனிடம் வா என்று ஒரு பெண்ணுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. உன் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன்: கால் வருமா என்பது எனக்குத் தெரியாது. மிதித்தால் வரும். மிதிக்க அவனுக்குக் காரணம் வேண்டும்.

இந்தக் கடிதத்தை நீயே படி, யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. படித்துவிட்டு, அவன் வந்தால் உங்கள் வாசலில் யார் நிற்பார்கள் என்று எனக்கு எழுது. நீ நிற்பாயானால் அப்படி எழுது. நிற்க மாட்டாய் என்றால் அதையும் எழுது, நானே வைத்துக்கொள்கிறேன். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள், யார் ஜாடை, பல் முளைத்துவிட்டதா, எல்லாம் எழுது. உள்ளதை மட்டும் எழுது. அதை நான் அவனுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

உனக்கும், நான் இன்னும் பார்க்காத என் பேத்திக்கும் நீண்ட ஆயுள் உண்டாகட்டும்.

எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன். பதில் எழுது.

உன் அத்தை,
சொர்ணவல்லி