பதினெட்டு மில்லிமீட்டர் மழை

ஜூன் 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதியைப் பக்கத்து இருக்கைக்காரர் பேசிப் பேசியே வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்.

உன் வீட்டுக்காரரோடு இருந்தவரை அறைக்கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துத் தூங்கினாய். இந்த நான்காம் மாடியில் பால்கனிக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாய். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? போனை வைத்துத்தான் அவர் உன்னை இரண்டு முறை கண்டுபிடித்தார், இனி கடிதம் போதும் என்று வக்கீலம்மா சொன்னதும் ஒருவகையில் நல்லதே. போனில் நான் பேசினால் நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே பாத்திரம் கழுவுவாய்.

மொட்டை மாடியில் நான் வைத்த மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார். நின்றபடி பார்க்காதே. குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படி.

குட்டிக்கு முத்தங்கள்.
அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை நன்றாகப் பழகிவிட்டது. நேற்று ஒரு பெரியவருக்கு முழு செட் முடித்தேன். முதலாளி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “அவரு சிரிக்கிறாரோ இல்லையோ, பல்லு சிரிக்குதும்மா” என்றார். இங்கே அதுதான் பெரிய பாராட்டு.

உங்கள் மழை: பதினான்காம் தேதி 4 மில்லிமீட்டர், பதினேழாம் தேதி 11, நேற்று 18. குனிந்துதான் பார்த்தேன், சத்தியமாக. குட்டி, “பதினெட்டுன்னா பாஸா ஃபெயிலா, தாத்தாகிட்ட கேளு” என்கிறாள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.
உங்கள் மகள்

ஜூன் 27

அன்பு மகளுக்கு,

பதினெட்டு பாஸ். முதல் வகுப்பு என்றே குட்டியிடம் சொல்.

இணையத்தில் எங்கள் மழை அளப்போர் குழுவில் உன் அளவுகளை ஏற்றிவிட்டேன். வரைபடத்தில் சரியாக உன் கட்டடத்தின் மேலேயே புள்ளி வைத்தேன். ‘நான்காம் மாடி வீட்டில் இருக்கும் என் மகள் அளந்தது’ என்று குறிப்பும் எழுதினேன். பத்தொன்பது பேர் வாழ்த்தியிருக்கிறார்கள்.

சிலர் இடத்தைச் சரியாகச் சொல்லாமல் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு மறைத்துக்கொள்கிறார்கள். குழுவிலேயே அந்த வசதி உண்டு. எனக்கு அது ஒப்பாது. ஓர் உதாரணம் சொல்கிறேன்: பிள்ளை தேர்வை அழகாக எழுதிவிட்டுப் பதிவெண் போடாமல் போனால், மதிப்பெண்ணை யார் பேரில் எழுதுவது? இடம் சொல்லாத மழையும் அப்படித்தான்.

தொடர்ந்து அளந்து எழுது.
அப்பா

ஜூலை 8

அப்பா,

அவர் வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை குட்டியைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மாடிப்படி முடியும் இடத்தில் நின்றிருந்தார். “என்ன, இங்க பதினெட்டு மில்லிமீட்டர் பெஞ்சுதாமே? மாமா கணக்கு தப்பாதே” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு குட்டியின் பையைப் பிடித்துக்கொண்டு, “ஊர் சுத்தினது போதும். வீட்டுக்கு வா” என்றார்.

கீழ்வீட்டு அக்கா வாளியோடு வெளியே வந்தார். “யாருய்யா நீ? புள்ளைய விடுய்யா! எல்லாரும் வாங்க, இங்க வந்து பாருங்க!” என்று தெருவே கேட்கக் கத்தினார். குட்டி பையிலிருந்து கையை உருவிக்கொண்டு மேலே ஓடிவிட்டாள். ஆட்கள் கூடியதும் அவர் பையோடு போய்விட்டார். அதில் அவளுடைய பள்ளி அடையாள அட்டை இருக்கிறது. இனி அந்தப் பள்ளியும் இல்லை, எனக்கு அந்த வேலையும் இல்லை. அன்று மதியமே கிளம்பிவிட்டோம். பதிலை வக்கீலம்மாவிடம் கொடுங்கள்.

அப்பா, நான் யாரிடமும் மழையைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் குழுவில் அவரும் இருக்கிறாரா?

ஜூலை 12

அன்பு மகளுக்கு,

இருக்கிறார். சேர்த்துவிட்டதே நான்தான். உன் கல்யாணமான புதிதில், மாப்பிள்ளைக்கும் மழையில் ஆர்வம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஒரு மாதம் அளந்துவிட்டு அவர் நிறுத்திவிட்டார். பெயர் அப்படியே இருந்திருக்கிறது. எனக்கு நினைவே வரவில்லை.

உன் விலாசம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தபோது உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பியவன் நான். அதே விலாசத்தைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். குழுவை நடத்துகிற தம்பியிடம் பேசினேன். “சார், நீங்க அழிச்சிட்டீங்க, சரி. பார்த்தவங்க மனசுல இருந்து எப்படி அழிக்கிறது?” என்றார். அந்த வட்டத்தை எனக்கு ஒருமுறை விளக்கியவரும் அவர்தான். நான் அன்று அவருக்குப் பாடம் எடுத்தேன்.

இதற்கு உதாரணம் ஒன்றும் தோன்றவில்லை அம்மா.

அப்பா

ஜூலை 25

அன்புள்ள அப்பாவுக்கு,

தபால் முத்திரையில் ஊர் தெரிந்துவிடும் என்று, இதை உறையில்லாமல் வக்கீலம்மா உங்களிடம் தருவார். கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நாலைந்து நாளில் போய்விட்டது. பயம் போகவில்லை.

வேறு வீடு கிடைத்துவிட்டது. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று எழுத ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். யார் கதவைத் தட்டினாலும் குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

முகவரியை ஒரு தாளில் எழுதி வக்கீலம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றார். “எங்களை விட்டா அப்பாவுக்கு யாரு இருக்கா?” என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றே ஒன்று, அப்பா. இன்னொரு முறை ஓட எனக்குத் தெம்பில்லை.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 3

என் அன்பு மகளே,

போன வாரம் அவர் மறுபடி வந்தார். படியில் உட்கார்ந்து அழுதார். “மாமா, குட்டிய ஒரு தடவை பார்த்தா போதும் மாமா” என்றார். எனக்கு இரக்கம் வந்துவிட்டது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். விலாசம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயம் என்று எழுதக் கை வரவில்லை.

இன்று வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். உன் தாளைப் பிரித்து மேசையில் என் முன்னால் வைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் எனக்கு எழுத்து தெரியாது.

“சார், நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் எப்பப் பார்ப்பீங்க அவங்கள?” என்றார்.

“மடிச்சு உள்ள வைங்கம்மா” என்றேன். மேசை மேல் வெள்ளையாக ஏதோ அசைந்தது; பிறகு இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது.

குட்டியிடம் தாத்தா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல். இதற்குப் பதில் எழுதாதே. நீ எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினாலும், அது எந்த ஊர் என்று நான் வரிக்கு வரி தேடுவேன்.

அப்பா