கமராவில் ஒட்டிய பொட்டு

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். துறைமுகத்தில் ஒரு கப்பல் இரண்டு தடவை ஊதியது. கணிதம், பயிற்சி 7 பாதிதான். போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். அக்கா அடுத்த கட்டிலில்.

அக்காவின் லப்டொப்புக்குள் யாரோ இருக்கிறார்கள்.

மத்தியானம் அக்கா குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லப்டொப் இருந்த மேசையில் ஒருவரும் இல்லை. அம்புக்குறி மெல்ல நகர்ந்து ஒரு கோப்பைத் திறந்தது. கமராவுக்குப் பக்கத்தில் பச்சை வெளிச்சம். கதிரைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அது கொழும்புக் கொம்பனியின் லப்டொப். அக்கா வீட்டிலிருந்தே அவர்களுக்கு வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் ஒரே சம்பளம் அதுதான். "தொட்டியெண்டால் கையை முறிப்பன்" என்று முதல் நாளே சொன்னவள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். ரியூஷன் வட்ஸ்அப் குழுவில் யாரோ தெரியாத நம்பர், விடைகளுடன் மாதிரி வினாத்தாள் என்று ஓர் இணைப்பு. போனில் திறக்கவில்லை. லப்டொப்பில் பாஸ்வேர்ட் கேட்டது. எங்கள் பூனையின் பெயர், 123. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏதோ நிறுவவா என்றது. ஓம் கொடுத்தேன். வினாத்தாள் வரவே இல்லை.

15, புதன்

விடிய தூறல். சப்பாத்து ஈரம். மறக்கக் கூடாதவை: விஞ்ஞானக் கொப்பி, நீலப் பேனை, கமரா.

பள்ளிக்கூடம் போக முன் என் ஸ்டிக்கர் பொட்டில் ஆகச் சின்னதைக் கமராவில் ஒட்டினேன். கறுப்பில் கறுப்பு.

வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய பெயரில் யாரோ கொம்பனிக் கணினிக்குள் நுழைந்து வாடிக்கையாளர் விபரங்களை எடுத்துவிட்டார்களாம். வெள்ளி காலை வீடியோவில் விசாரணை. அதுவரை வேலை செய்ய வேண்டாமாம்.

"அம்மா, எங்கட வைஃபை பாஸ்வேர்டை ஆருக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"பின்வீட்டு வாசுகிக்கு. இடியப்பம் தந்தவ. தட்டை வெறுமையாக் குடுக்க ஏலுமே? துண்டில எழுதி வச்சுக் குடுத்தனான்."

"சீனியாவது வச்சிருக்கலாமே!"

"சீனி முடிஞ்சு போச்சடி."

சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

"அவவின்ர மருமகன் போன் திருத்துறவர். அவர்தான்," என்றாள் அக்கா.

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

16, வியாழன்

வெயில். பசி இல்லை.

வைஃபை ஏன் நின்றது என்று மதிலுக்கு மேலால் வாசுகி அன்ரி கேட்டார். அக்கா பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். "பழுதாம்" என்றார் அம்மா. அன்ரி ஒரு தட்டு பயற்றம் பணியாரம் நீட்டினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை.

விசாரணையில் மருமகனின் பெயரைச் சொல்லப் போகிறாள் அக்கா. தாளில் எழுதியும் வைத்துவிட்டாள்.

பின்னேரம் நாளைக்காகக் கமராவைப் போட்டுப் பார்த்தாள். திரை இருட்டு. துடைத்தாள். விரல் நுனியில் பொட்டு. என் நெற்றியைப் பார்த்தாள்.

"இது உன்ரதானே?"

"ஓம்."

"கமராவை ஏன் மூடினனீ? ஆரோ பாக்கினமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

எல்லாம் சொன்னேன். ஞாயிறு, இணைப்பு, பூனை.

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். லப்டொப்பை நிறுத்தினாள். தாளைக் கிழித்தாள். கொம்பனிக்கு அழைத்தாள். "சேர், திறந்தது என்ர தங்கச்சி. வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்ச பாஸ்வேர்ட் வச்சது நான்."

வேலை இருக்குமா என்று நாளை தெரியும்.

அன்ரியின் தட்டு கழுவிக் குசினியில் இருக்கிறது. நான்தான் கொண்டுபோய், வைஃபை ஏன் நின்றது என்ற உண்மையைச் சொல்ல வேண்டுமாம். சீனி இன்னும் வாங்கவில்லை.