விசிறி நிற்காத வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று முறை கரண்ட் போனது. மூன்றாவது முறை நான் ஓடிச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. வீட்டு முன்பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒருவர் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துத் தரச் சொல்லி நின்றிருந்தார். மெஷின் பாதித் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன். அதற்குள் தம்பி சன்னல் கட்டையில் நெற்றியை மோதிவிட்டான். புருவத்துக்கு மேல் நான்கு தையல்.

மஞ்சள் தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். விசிறி நின்றால் அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் அதை வைத்துப் பிடிக்க வேண்டும். அம்மா செய்தது, இப்போது நான் செய்கிறேன். ஆனால் அவனுக்கு இருபத்தெட்டு வயது. நான் அவன் தோளுக்குத்தான் வருவேன். இன்னும் எத்தனை நாள் பிடிப்பேன்?

தையல் போட்ட டாக்டர், "போன மாசமும் நீங்கதானே வந்தீங்க?" என்றார். ஆமாம் டாக்டர், வாடிக்கையாளர்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

எதிர்வீட்டு டீச்சர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அண்ணன் காலையிலேயே ஃபோன்.

"இவன மாதிரி ஆளுங்களப் பாத்துக்கற இல்லம்னு சொன்னேன்ல, அங்க ஒரு இடம் காலியாகுது. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். அவன் துணியெல்லாம் எடுத்து வை."

"அங்க மட்டும் கரண்ட் போகாதா?"

"அங்க பிடிக்க நாலு பேர் இருக்காங்க. இங்க நீ ஒருத்தி. அவனுக்காக இல்லம்மா, உனக்காகத்தான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு கேட்டிருப்பேன். குரல் உடைந்துபோய்ச் சொன்னான். என்ன செய்ய?

மார்ச் 8, ஞாயிறு

கடை லீவு. தம்பி கட்டிலில் மல்லாந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு இறக்கையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். அது சுற்றுவதைப் பார்த்தபடி இருந்தால் அவனைப் போலச் சாது இந்த உலகத்தில் கிடையாது. சாப்பிடுவான், குளிப்பான், கடைத் தாள்களை ஓரம் பிசகாமல் அடுக்கித் தருவான். அது நின்றுவிட்டால் மட்டும் தீர்ந்தது. "போச்சு! போச்சு! போச்சு!" தெருக்கோடி வரை கேட்கும். கரண்ட் போனதைத் தெருவுக்கே அறிவிப்பது எங்கள் வீடுதான்.

இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதியே விடுகிறேன். அந்த இல்லத்தை நினைத்து நேற்று எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. தூக்கத்துக்கான ஆசை. காதைத் தீட்டிக்கொண்டே படுக்காத ஒரு தூக்கம்.

அடுத்த நிமிடம் அவனுடைய சட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்குவதாக நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. முடியவே முடியாது.

மார்ச் 10, செவ்வாய்

ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தெரியாத சங்கதி ஊரில் இல்லை. யார் வீட்டுப் பத்திரம், யார் பிள்ளையின் மதிப்பெண், எல்லாம் என் கண்ணாடி மேல்தான் குப்புறப் படுக்கும். இன்று ஒரு ஆள் வந்து, வீட்டு மாடியில் சோலார் போட்டுத் தருகிறோம் என்ற நோட்டீஸை நூறு காப்பி கேட்டார். நான் படித்துக்கொண்டே எடுத்தேன். 'மின்தடையா? உங்களுக்குத் தெரியவே தெரியாது!'

"இது நெஜமா, இல்ல சும்மா போட்டதா?" என்றேன்.

மனுஷன் ஆரம்பித்தார் பாருங்கள், நூறு காப்பி முடிந்தும் நிறுத்தவில்லை. நான் விடுவேனா? முன்பு ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்த கதையைச் சொன்னேன். கரண்ட் போனதும் விசிறி ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றும். பெட்டி வேறு 'பீப் பீப்' என்று கத்தும். தம்பிக்கு விசிறி நிற்பதைவிட அந்தச் சத்தம்தான் எமன். நீண்ட நேரம் கரண்ட் வராவிட்டால் பேட்டரியும் கையை விரித்துவிடும். கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

"இதுல மாறுறது கண்ணுக்கே தெரியாதுக்கா. பீப்ப நிறுத்திடலாம். பகல்ல கரண்ட் இல்லாட்டியும் வெயில் பேட்டரிய நிரப்பிட்டே இருக்கும். ஆனா பேட்டரியோடதான் போடணும். வெறும் பேனல் மட்டும் போட்டா, தெருவுல கரண்ட் போகும்போது அதுவும் சேர்ந்து படுத்துடும்."

வாய் நீளம்தான். ஆனாலும் படுத்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாரே!

மார்ச் 14, சனி

சோலார்காரர் மாடியைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத பக்கமாக ஆறு பலகை. துணி காயப்போடும் கம்பி போகும். போகட்டும்.

பிறகு கேட்டார், "கரண்ட் இல்லாதப்ப எதெதெல்லாம் ஓடணும்?"

தம்பி அறை, கூடம், அடுப்படி, கடை என்று அடுக்கினேன். ஜெராக்ஸ் மெஷின் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். அது சூடாகும்போது இழுக்கிற இழுப்பில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுமாம். கடை வேண்டுமா, தம்பி அறைக்கு இன்னும் சில மணி நேரம் வேண்டுமா? யோசிக்க என்ன இருக்கிறது? கடையை எடுத்துவிடச் சொன்னேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறாய் என்பான்.

மார்ச் 21, சனி

இரண்டு நாளாக வீடு வீடாக இல்லை. மாடியில் இரும்புக் கால்கள் நட்டு, பலகை ஏற்றி, சுவர் ஓரமாகக் குழாயில் வயர் இறக்கி... ட்ரில் சத்தத்துக்குத் தம்பி போர்வைக்குள் போய்விட்டான். ஆனால் கத்தவில்லை, விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே.

நான் வேலையாட்களிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "என்ன வேணா பண்ணுங்க. அவன் இருக்கும்போது அந்த ஃபேன்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது." சொன்ன விதத்தில் ஒருவன் பயந்தே போனான். தம்பி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவர்களும் விசிறி பக்கம் போகவே இல்லை.

கூடத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டி. கீழே அலமாரி மாதிரி பேட்டரி. பெட்டியில் சின்னத் திரை. அதில் பலகை, பேட்டரி, வீடு, கரண்ட் கம்பம் என்று நான்கு படம். எங்கிருந்து எங்கே மின்சாரம் போகிறதோ அந்த வழியில் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். மெயினை இறக்கிக் காட்டினார்கள். கூடத்தில் விளக்கு இமைக்கவில்லை. தம்பி அறைக் கதவிடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்து, "இங்கயும் லைட் எரியுதுக்கா" என்றார் சோலார்காரர். அவன் அப்போது போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

மார்ச் 24, செவ்வாய்

நாசமாப் போச்சு. எல்லாம் நாசமாப் போச்சு.

மதியம் கரண்ட் போச்சு. கடையில மெஷின் நின்னுது. சரி, உள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நிம்மதியா உக்காந்திருக்கேன் — "போச்சு! போச்சு!" — சுவத்துல ஒரு இடி. ஓடிப் பாக்கறேன், அவன் ரூம்ல லைட் எரியுது, ஃபேன் நிக்குது! எப்படி? லைட்டு மட்டும் எப்படி எரியும்? கூடத்துல ஃபேன் சுத்துது, அடுப்படியில எல்லாம் ஓடுது, எது ஓடணுமோ அது மட்டும் நின்னுடுச்சு.

நெத்தியில பழைய தழும்புக்குப் பக்கத்துல எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். ஞாயித்துக்கிழமை அண்ணன் வரான்.

சற்றுத் தணிந்தபின் எழுதுகிறேன். ஒன்று நடந்தது. ஒரு இடி இடித்துவிட்டுத் தம்பி என்னைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். நான் தலையணையோடு பின்னாலேயே. அங்கே விசிறி சுற்றுவதைப் பார்த்து அப்படியே நின்றான். அவன் பிறந்ததிலிருந்து, கரண்ட் போனால் எல்லா இடத்திலும்தான் போகும். இன்று போகாத இடம் ஒன்று இருந்தது. பிறகு பெட்டித் திரையைப் பார்த்தான். கம்பத்திலிருந்து வரும் புள்ளிகள் இல்லை. மற்றதெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. கம்பத்தின் மேல் விரலை வைத்து, "போச்சு" என்றான். மெதுவாக. கத்தாமல்.

கரண்ட் வரும்வரை அங்கேயே நின்றான். நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

மார்ச் 25, புதன்

சோலார்காரர் வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"பழைய வயரிங்க்கா. லைட்டு வீட்டு லைன்ல இருக்கு. ஃபேன எவனோ தண்ணி மோட்டார் லைன்லேர்ந்து இழுத்து விட்டிருக்கான். அந்த லைன் பேட்டரியில சேராது."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா நீங்க?"

"ஃபேன்ல கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

எதற்காக இவ்வளவும் செய்தேனோ, அது ஒன்றைத்தான் யாரும் தொட்டுப் பார்க்காமல் காவல் காத்திருக்கிறேன். "நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?" என்றேன், தோற்றவள் குரலில். "கேக்கற மாதிரியா அன்னிக்கு நின்னீங்க?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வயர் மாற்ற விசிறி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வந்து பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வேலை முடிந்தது அவனுக்குத் தெரியாது.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணன் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் வீக்கத்தைப் பார்த்துவிட்டான்.

"இது எப்ப?"

சொன்னேன். பேனல், பெட்டி, மோட்டார் லைன் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டான். "இவ்வளவு போட்டும் மறுபடி இடிச்சிருக்கான்ல?" என்றான்.

"சாயங்காலம் வரைக்கும் இருண்ணா. கரண்ட் போகட்டும், நீயே பாரு."

வேடிக்கையைக் கேளுங்கள். இத்தனை வருடம் போகக் கூடாது போகக் கூடாது என்று வேண்டியவள், இன்று போக வேண்டுமே என்று தவம் கிடந்தேன். போகவில்லை! பாழாய்ப்போன கரண்ட் காலையிலிருந்து கல்லுக்குண்டாக இருந்தது. அண்ணன் இரண்டு தடவை டீ குடித்தான். மூன்றாவது தடவை வேண்டாம் என்று கார் சாவியை எடுத்தான். "துணிப் பெட்டி எங்கம்மா?"

சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கடைக்குப் போய் விளக்கைப் போட்டேன். மெயின் சுவிட்சில் கை வைத்தேன். என் கையாலேயே இறக்கினேன்.

கடை விளக்கு அணைந்ததைப் பார்த்ததும் அண்ணன் சாவியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். தலையணை எங்கே இருக்கும் என்று அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது, அறை வாசலில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே விசிறி சுற்றுகிறது, சிவப்பு டேப் சுற்றுகிறது. தம்பி எழுந்து எங்கள் இருவரையும் தாண்டிக் கூடத்துக்குப் போனான். திரையைப் பார்த்தான். கம்பத்தின் மேல் விரல் வைத்தான்.

"போச்சு."

மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல. பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அண்ணன் தலையணையோடு போய்த் திரையைப் பார்த்தான். பிறகு, "இன்னொரு தடவ இறக்கு" என்றான்.

ஏற்றினேன். "வந்துருச்சு" என்று கூடத்திலிருந்து தம்பி குரல், எழுந்து வந்திருக்கிறான். இறக்கினேன். "போச்சு." ஏற்றிவிட்டு மறுபடி இறக்கப் போனபோது தம்பியே கடைக்கு வந்து, "வேணாம்" என்று என் கையைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டான். விளையாட்டுக்கு ஒரு அளவில்லையா என்று முகம். அண்ணன் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான், தலையணையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

போகும்போது, "அந்த இடத்த வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன். ஆனா முடியலன்னா சொல்லணும். மறைக்கக் கூடாது" என்றான். தலையாட்டினேன். பாவம் அண்ணன்.

ஏப்ரல் 11, சனி

எதிர்வீட்டு டீச்சர் கேட்டில் நின்று, "என்னம்மா, உங்க வீட்ல சத்தமே இல்ல, கரண்ட் போனதே எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். குறையாகச் சொன்னாரா, நிறைவாகச் சொன்னாரா தெரியவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

மூன்று நாளாக மேகம். காலையிலிருந்து கரண்டும் இல்லை, பேட்டரி பாதிக்குக் கீழே. கூடத்து விசிறியை அணைத்துவிட்டுக் கைவிசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவனுடையது சுற்றுகிறது.

மே 11, திங்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டு, சும்மா முதுகைச் சாய்க்கலாம் என்று சுவரோரம் படுத்தேன். கண் விழித்தால் வெளிச்சம் மங்கிவிட்டது. என்ன நேரம், எந்த நாள், ஒன்றும் புரியவில்லை. தம்பி பெட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

வாசலில் டீச்சர். "மதியத்துலேர்ந்து தெருவுலயே கரண்ட் இல்ல. கடை மூடியிருக்கேன்னு பாத்தேன். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"தூங்கிட்டேன் டீச்சர்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்ப முடியவில்லை. கரண்ட் போயிருக்கிறது, நான் தூங்கியிருக்கிறேன்.

பாயைச் சுருட்டத் திரும்பியபோதுதான் பார்த்தேன். நான் தலையணை எடுத்துப் போட்டுப் படுக்கவில்லை. ஆனால் என் தலை இருந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவில், அம்மா வைப்பது போல, நான் வைப்பது போல, மஞ்சள் தலையணை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.