அது மூட்டைப்பூச்சி இல்லை

முக்கோனோ

அன்பு மகள் நபுக்கேராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீ சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

என் கையில் இருந்த தடிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்த கையோடு, "மூட்டைப்பூச்சிதாம்மா, அண்ணியோட பழந்துணி மூட்டையில வந்திருக்கும், முதல்ல அவங்களைக் கிளப்பு" என்றாய். பூச்சியை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. உன் அண்ணன் கிவூம்பி கண்ணை மூடியதிலிருந்து இரண்டு வருஷமாக அவன் பெண்டாட்டி நசோசிதான் சந்தையில் பழந்துணி விற்று எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். அவளிடம் போய் உன் மூட்டையால்தான் வீடு நாறிப்போச்சு என்றேன். அவன் படுத்த மெத்தையை அவள் கண்ணெதிரே கொளுத்தினேன். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மசாக்காவில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு நீ ஏற்பாடு செய்த ஆள் வீடு முழுக்க மருந்தடித்தான். என் கட்டிலுக்கடியில் அடைகாத்த கோழி செத்துவிடக்கூடாதே என்று கூடையோடு பலாமரத்தடியில் வைத்து, நெடி போனதும் பத்திரமாகத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடி நிற்கவில்லை.

போன வாரம் சுகாதாரப் பணிக்கு வருகிற பெண் வந்தாள். மருந்துப் பேச்சே எடுக்கவில்லை, "கடிச்சது எதுன்னு யாராச்சும் பிடிச்சுப் பாத்தீங்களா பாட்டி?" என்று கேட்டாள். கட்டில் காலில் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து வெயிலில் காட்டினாள், பொடிப்பொடியாய் ஊர்ந்தது. "இது கோழிப்பேன். மூட்டைப்பூச்சி இதைவிடப் பெருசா தட்டையா இருக்கும். கோழியை வெளியே வைங்க, கட்டிலை வெந்நீர் ஊத்திக் கழுவுங்க" என்றாள். அவ்வளவுதான் வேலை, இதற்கு ஒரு குடும்பத்தைக் கலைத்தோம்.

நேற்று மசாக்கா போனேன். நசோசி வழக்கம்போல மண்டியிட்டு வணங்கினாள், வாழைக்காயை அவித்து மசித்து மட்டோக்கே சமைத்துப் போட்டாள். பத்து வருஷம் அம்மா என்று கூப்பிட்டவள், "வாங்க ஞாபோ, சாப்பிடுங்க ஞாபோ" என்கிறாள், துணி வாங்க வருகிற முகம் தெரியாத பெண்களை மரியாதைக்குக் கூப்பிடுவாளே, அப்படி. தப்பு என்னுடையது, வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்டேன். "பரவால்ல ஞாபோ" என்றாள்.

நீயாவது அவளுக்குப் போன் செய், சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேள். இனி மருந்தடிக்க ஆள் அனுப்பாதே. கடவுள் உன்னை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்காவது அம்மாவாயிருக்கும்
நகலேமா