பன்னிரண்டு பைகளும் பதினொரு பிள்ளைகளும்

அனுப்புநர்
ம. பச்சைமுத்து (வயது 47),
ஆட்டோ ஓட்டுநர்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு.

பெறுநர்
காவல் துணை ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துக் காவல் பிரிவு,
பெங்களூரு.

எதிர்மனுதாரர்
மேற்படி பச்சைமுத்து.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளை அளவுக்கு மீறி ஆட்டோவில் ஏற்றியதற்காகவும், போலீஸாரைக் கண்டால் ஒளிந்துகொள்ள அவர்களைப் பழக்கியதற்காகவும் என் மீது நடவடிக்கை எடுக்கவும், விவேக் நகர்ப் பள்ளியின் கேட்டைக் காலை 7.35க்கே திறந்துவைக்க ஆவன செய்யவும் கோருவது தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே ஆளாக இருப்பதைப் பார்த்து இது எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். எனக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், எழுத வராது. ஆகவே என் மகள் ரக்ஷா எழுதித் தந்த கன்னட நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவள் பி.யு.சி. படிக்கிறாள், கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் நான் சொன்ன சில விஷயங்களை அவள் வெட்கப்பட்டுச் சுருக்கிவிட்டாள். முழு விவரமும் இந்தத் தமிழ் மனுவில்தான் இருக்கிறது.

1. பதினெட்டு வருடங்களாக ஆஸ்டின் டவுனிலிருந்து விவேக் நகரில் உள்ள ஒரு பள்ளிக்கு ஆட்டோவில் பிள்ளைகளை அழைத்துப்போகிறேன். பள்ளியின் பெயரைத் தனித்தாளில் கொடுத்துள்ளேன். ஊரில் அந்தப் பள்ளி ஒன்றுதான் இப்படி என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. ஆட்டோவில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாததல்ல. நான் ஏற்றியது பன்னிரண்டு பேர். பின் சீட்டில் ஐந்து, அதற்கு எதிரே நான் போட்டிருந்த மரப்பலகையில் ஐந்து, எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். புத்தகப் பைகள் வெளியே கொக்கியில் தொங்கும். இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் தங்கள் இலாகாவில் இருக்க முடியாது. நீங்கள் வெளியிலிருந்து பார்த்தவர்கள், நான் உள்ளேயிருந்து செய்தவன்.

2. விவேக் நகர் சிக்னலில் தங்கள் ஆட்கள் நிற்பார்கள் என்பது எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். ஆகவே சிக்னலுக்கு முன்னாலேயே, மெத்தைக் கடைச் சந்தின் முனையில், ஆறு பிள்ளைகளை இறக்கிவிடுவேன். அவர்கள் சந்து வழியாக நடந்து சிக்னலுக்கு அப்பால் வந்து ஏறிக்கொள்வார்கள். மீதி ஆறு பேருடன் நான் சிக்னலைத் தாண்டும்போது சட்டத்துக்கு உட்பட்ட மனிதன். தங்கள் காவலர் ஒருவர் என்னை மற்ற ஓட்டுநர்களுக்கு உதாரணமாகக் காட்டியதும் உண்டு. அன்று நான் வணக்கம் வேறு வைத்தேன்.

3. சில நாட்களில் சிக்னல் அல்லாத இடங்களிலும் காவலர்கள் நிற்பார்கள். அதற்காக ஓர் ஆட்டம் கண்டுபிடித்தேன். நான் "தொப்பி" என்றால் பிள்ளைகள் எல்லாரும் குனிந்து மறைந்துகொள்ள வேண்டும். தெருவில் நடந்துபோகும்போது தொப்பி கண்ணில் பட்டாலும், பார்த்தவர்கள் அப்படியே ஒளிந்துகொள்ள வேண்டும். "தொப்பி போயாச்சு" என்று நான் சொல்லும்வரை மூச்சு விடக் கூடாது. கடைசிவரை அசையாமல் இருப்பவருக்குக் கடலை மிட்டாய். பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்றுதான் விளையாட்டாக்கினேன். அப்போது அது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இரண்டு வருடமாக அதில் பெரும்பாலும் ஜெயித்தது இரண்டாம் வகுப்புப் படிக்கும் இளவேனில் என்ற பெண்.

4. கடந்த 12.06.2025 வியாழக்கிழமை. வியாழன் என்றால் சிக்னலை ஒட்டிய குழந்தை இயேசு கோயிலில் நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். அன்று வழக்கமாக நடந்து வரும் பையன்களில் ஒருவனுக்குக் கால் சுளுக்கு. அவனை ஆட்டோவில் உட்காரவைத்து, அவனுக்குப் பதிலாக இளவேனிலை இறக்கிவிட்டேன். சிக்னலைத் தாண்டிக் காத்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவந்து ஏறினார்கள். கிளம்பும் முன் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் எண்ணினேன், பன்னிரண்டு சரியாக இருந்தது, கிளம்பினேன்.

5. நான் எண்ணியது பைகளை. முண்டியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தலை தலையாக எண்ண முடியாது, கொக்கியில் தொங்கும் பைகளை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். சந்தில் நடக்கும் பிள்ளைகள் பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பள்ளிக் கேட்டில் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்ட பிறகு, ரோஜா நிறப் பை ஒன்று கொக்கியிலேயே தொங்கியது. கை நீட்டி வாங்க ஆள் இல்லை. ஐயா, அந்தப் பையைப் பார்த்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

6. திரும்பி ஓடி, சிக்னலில் நின்ற தங்கள் துறையின் உதவி சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சந்து, பலகை, பன்னிரண்டு பேர், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "மொதலு மகு சிக்லி, ஆமேலே நின் கேஸு." முதலில் குழந்தை கிடைக்கட்டும், உன் கேஸை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று அர்த்தம். சிக்னலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தார். நாற்பது நிமிடம் அந்தச் சந்தில் இரண்டு பேரும் மாறி மாறி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினோம்.

7. இளவேனில் அதே சந்தில்தான் இருந்தாள். அன்று கூட்டத்துக்காகச் சந்துக்குள்ளும் ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். தொப்பியைப் பார்த்ததும் அவள் ஆட்டத்தின் விதிப்படி, மெழுகுவத்தி விற்கும் ஜோசஃபின் அம்மாளின் தள்ளுவண்டிக்கு அடியில், தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துவிட்டாள். முன்னால் ஓடிய பிள்ளைகள் கூட்டத்தில் தொப்பியையும் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நான் கத்தியது அவளுக்குக் கேட்டது. என் கால்கூடத் தெரிந்ததாம். ஆனால் "தொப்பி போயாச்சு" என்று நான் சொல்லவில்லையே. எப்படிச் சொல்வேன்? தொப்பி என் பக்கத்திலேயே நின்று அவளைத் தேடிக்கொண்டிருந்தது.

8. புதுப் பெட்டி எடுக்கக் குனிந்த ஜோசஃபின் அம்மாள்தான் பார்த்தார். "யாரு பாப்பா நீ, இங்க என்னா பண்றே?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க ஆன்ட்டி, தொப்பி நிக்குது" என்றாளாம். வெளியே எடுத்தபோது அவள் சட்டையெல்லாம் மெழுகு. என்னைப் பார்த்ததும் அழவில்லை. "மாமா, இன்னிக்கும் நான்தானே ஜெயிச்சேன்?" என்று கேட்டாள். அதிகாரிக்குத் தமிழ் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பள்ளிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுச் சிக்னலுக்குப் போய்விட்டார். ஆமேலே என்று அவர் சொன்ன கேஸ் இன்றுவரை வரவில்லை. அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை, நன்றிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேஸ் வந்தாக வேண்டும்.

9. அன்று மாலை இளவேனிலின் தாயார் சுனிதா அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார், காலை ஏழு மணிக்கு வேன் ஏறியாக வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை. அடிக்கட்டும், திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவர் பிள்ளையை மடியில் வைத்து, சட்டையில் காய்ந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு, "நாளைக்கி எத்தினி மணிக்கி வருவீங்கண்ணா?" என்றார். வேறு வழியில்லாமல் கேட்ட கேள்வி அது. அதற்கு அடியே பரவாயில்லை என்று இருந்தது.

10. மறுநாளே பலகையைக் கழற்றிவிட்டேன். ஆறு ஆறு பேராக இரண்டு நடை அடிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் ஏழாவது பிள்ளையை ஏற்றவில்லை. சந்தில் யாரையும் இறக்கவும் இல்லை. முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள், முடிகிறது என்று காட்டியிருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை ஒளிப்பானேன்.

11. இடைஞ்சல் ஒன்றே ஒன்று. முதல் நடை 7.40க்குப் பள்ளிக்கு வந்துவிடுகிறது. கேட் திறப்பது 8.15க்கு. முப்பத்தைந்து நிமிடம் பிள்ளைகள் நடைபாதையில், பஸ்ஸும் டெம்போவும் உரசிப் போகும் இடத்தில் நிற்கிறார்கள். நான் இரண்டாம் நடைக்குப் போயாக வேண்டும். ஜோசஃபின் அம்மாள் மனமிரங்கி வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் வியாழக்கிழமைகளில் அவரால் முடியாது. தலைமையாசிரியையிடம் இரண்டு முறை கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். மேலிடத்து உத்தரவு இல்லாமல் கேட்டைத் திறந்து, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்றார். கேட்டுக்கு வெளியே ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று நான் கேட்டேன்.

12. இதனால் பெற்றோர் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். ஐந்து பிள்ளைகள் ஏற்கெனவே வேறு ஆட்டோக்களுக்குப் போய்விட்டார்கள். அவற்றில் பலகை உண்டு, பதின்மூன்று பதினான்கு பேர் போகிறார்கள், மெத்தைக் கடைச் சந்திலும் இறங்குகிறார்கள். நான் கண்டுபிடித்த தொப்பி ஆட்டத்தையும் அங்கே ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சுனிதா அவர்களும் இந்த மாதக் கடைசிவரைதான் பொறுக்க முடியும் என்று சொல்லிவிட்டார். நடைபாதையில் நிற்பதைவிட ஆட்டோவில் நெரிசலாகப் போவதே மேல் என்பது அவர் கணக்கு, தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகஸ்டு 1 முதல் இளவேனில் இன்னொரு பலகையில் பதினான்காவது பிள்ளை. நான் ஒருவன் திருந்தியதில் ஆபத்து குறையவில்லை, பக்கத்து வண்டிக்கு மாறியதுதான் மிச்சம்.

13. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது. முதலாவதாக, என் மீது வழக்குப் பதியுங்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட என்னையே விட்டுவிட்டால், மற்றவர்களைப் பிடிக்க உங்களுக்கும் நா எழாது, அவர்களும் கேட்க மாட்டார்கள். இரண்டாவதாக, சிக்னலில் சோதிப்பதை விட்டுவிட்டு, பள்ளிக் கேட்டில் 8.10 முதல் 8.30 வரை நில்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் பிள்ளைகளை ஒளிக்கலாம், கேட்டில் எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஓட்டுநர் சீட்டின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், பலகைக்கான இரண்டு போல்ட் துளைகள் இருக்கும். என் வண்டியிலும் இருக்கின்றன, வந்து பார்க்கலாம்.

14. மூன்றாவதுதான் முக்கியம். முதலிரண்டை மட்டும் செய்து இதை விட்டுவிட்டால் தயவுசெய்து ஒன்றையுமே செய்ய வேண்டாம், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். கல்வித் துறைக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதி, 7.35க்குக் கேட்டைத் திறந்து ஓர் ஆளை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு பூட்டும் ஒரு ஆளும்தான் விஷயம். கேட் திறந்தால் விலகிப் போன ஐந்து பேரும் திரும்பி வருவார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் பார்த்து இன்னும் நான்கு ஓட்டுநர்கள் பலகையைக் கழற்றுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

15. கடைசியாக ஒன்று. இது விதியில் வராது, இருந்தாலும் கேட்கிறேன். அந்த உதவி சப்-இன்ஸ்பெக்டரை ஒரு நாள் காலை, தொப்பியோடு, கேட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். நடைபாதையில் நிற்கும்போது தொப்பியைப் பார்த்தால் இளவேனில் இன்றும் போய் ஜோசஃபின் அம்மாளின் வண்டிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். இனிமேல் ஆட்டம் கிடையாது, போலீஸைக் கண்டால் நீ அவரிடம்தான் ஓட வேண்டும் என்று நான் பல முறை சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கிறாள். அவளைத் தோற்கடிக்க நான் செய்யும் தந்திரம் என்று நினைக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை. அவர் வந்து சொன்னால் நம்புவாள்.

ஆகஸ்டு 1க்குள் தங்கள் உத்தரவு வரும் என்ற நம்பிக்கையோடு, தினமும் காலை 7.40க்கு அந்தக் கேட்டின் முன் நிற்கிறேன்.

இடம்: பெங்களூரு
நாள்: 21.07.2025

இப்படிக்கு,
ம. பச்சைமுத்து
(மனுதாரர் மற்றும் எதிர்மனுதாரர்)

இணைப்பு:
1. கன்னட நகல்.
2. பள்ளியின் பெயரும் என் வாகன எண்ணும் எழுதிய தாள்.
3. மேற்படி மரப்பலகை, ஒன்று. தபாலில் அனுப்ப முடியாததால் நேரில் கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டாம்.